விளக்கு எரியவே இல்லையே!

அந்த மஞ்சள் விளக்கை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்துவிட்டது என்று கார் நமக்குச் சொல்லும் விதம் அது. எங்கள் வீட்டுக் காரில் அது மூன்று மாதத்தில் நான்கு முறை எரிந்தது. முதல் மூன்று முறையும் பொய். நான்காவது முறை உண்மை. அந்த நான்காவது முறைதான் நான் டயரைப் பார்க்கவில்லை.

நம் இதழில் டயரைப் பற்றி என்ன எழுத்து என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நான் கேட்க வந்தது ஒரு தர்மக் கேள்வி. பலமுறை பொய்யாகிப்போன ஓர் எச்சரிக்கைக்கு, அடுத்த முறையும் செவிகொடுக்க நான் கடமைப்பட்டவனா?

நடந்தது இதுதான்

எங்கள் வீடு செடெனாக்கில். சுற்றிலும் செம்பனை, இப்போது அதற்கு நடுவே தரவு மையங்கள். அப்பாவுக்குப் பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. காலை ஷிப்ட் என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பி நெடுஞ்சாலை ஏறிவிடுவார். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுதியில் தங்கிப் படிக்கிறேன், வார இறுதியில் வீட்டுக்கு வருவேன். காரைக் கழுவுவது, காற்றுப் பார்ப்பது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் என் பொறுப்பு. "இன்ஜினியர் வந்துட்டான், அவன் பார்த்துக்குவான்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

தீபாவளிக்கு முன் முன்பக்க டயர் இரண்டையும் மாற்றினோம். இரண்டு நாளில் விளக்கு எரிந்தது. ஓடிப்போய் அளந்தேன். நான்கிலும் 33 பிஎஸ்ஐ, கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அதே அளவு. அப்புறம் ஏன் எரிந்தது?

எங்கள் கார் டயருக்குள் இருக்கும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் பேட்டரியோடு ஒரு சென்சர் இருக்கும். அது காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். எங்கள் கார் அந்த வகை இல்லை. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக சென்சர்களை வைத்து அது ஊகிக்கிறது. காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கி, ஆரம் குறைந்துவிடும். அதனால் அதே தூரத்தை ஓட மற்ற சக்கரங்களைவிடச் சற்று வேகமாகச் சுற்ற வேண்டும். ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றுகிறதா, அங்கே காற்று குறைவு என்று கணினி முடிவு கட்டுகிறது.

முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர். தேய்ந்தது சிறியது, வேகமாகச் சுற்றும். அதைக் கணினி காற்றுக் குறைவு என்று நினைத்துக்கொண்டது. டயர் மாற்றியதும் 'செட்' பொத்தானை அழுத்திப் புது அளவைக் காருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். யாரும் செய்யவில்லை. நான் அழுத்தினேன், விளக்கு அணைந்தது.

இரண்டாவது முறை ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது. பின்னால் மூன்று பெரியவர்கள், பூட் நிறைய சாமான். பின்சக்கரங்கள் பாரத்தில் அமுங்கின. நிறுத்தி அளந்தேன், சரியாக இருந்தது. மூன்றாவது முறை மழை பெய்த மறுநாள், தோட்டத்துச் செம்மண் சாலையில். ஈரத்தில் சக்கரம் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. அளந்தேன், அதே 33. இந்த முறை எனக்குக் கோபமே வந்துவிட்டது.

நான்காவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கோயிலிலிருந்து திரும்புகிறோம், தூறல். வீட்டு வாசலுக்கு வரும்போது விளக்கு எரிந்தது. "என்னடா அது?" என்று அம்மா கேட்டார். "ஒன்னும் இல்லம்மா, இந்த சென்சருக்குப் பைத்தியம்" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். அணைந்தது. மோட்டாரை எடுத்துக்கொண்டு விடுதிக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அப்பா போன் செய்தார். கூலாய்க்கும் செனாய்க்கும் நடுவில், பின்பக்க இடது டயர் வெடித்துவிட்டது. எப்படியோ ஸ்டியரிங்கைப் பிடித்து அவசரத் தடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. அவர் பேசும்போது லாரிகள் உரசிப் போகிற மாதிரி சத்தம் கேட்டது.

"விளக்கு எரியவே இல்லையேப்பா. நீதான் நேத்துப் பார்த்தியே?" என்றார்.

"ஆமாப்பா" என்றேன்.

அந்தப் பொத்தான் செய்வது என்ன?

'செட்' பொத்தானுக்கு விளக்கை அணைக்கும் வேலை மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது காருக்குக் கொடுக்கும் கட்டளை. "இப்போது இருக்கும் நிலைதான் சரியான நிலை. இதையே அளவாக வைத்துக்கொள்" என்று பொருள். அதன்பின் கார் கொஞ்ச நேரம் ஓடி அந்தப் புது அளவைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்று முடிக்கும்வரை அது சரியாக எச்சரிக்காது. கற்றபின்போ, குறைந்த காற்றையே சரி என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அளந்து, சரியாகக் காற்றடித்து, அதற்குப் பிறகே அழுத்தச் சொல்கிறார்கள்.

நான் ஆணி குத்திய டயரை வைத்துக்கொண்டு "இதுதான் சரி" என்று காருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கார் கீழ்ப்படிந்தது. அப்பாவின் காரில் விளக்கு எரியாததற்குக் காரணம் சென்சர் இல்லை, நான்.

விடுதியில் ஒரு நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் என்னை விடுவிக்கப் பார்த்தான். "மச்சான், மூனுக்கு மூனும் பொய். நாலாவதும் பொய்னு நினைக்கிறது சரியான கணக்குதானே? இதுல என்ன பாவம்?"

நியாயமான வாதம்தான். ஆனால் அவன் கணக்கில் இரண்டு விஷயம் விடுபட்டுவிட்டது. எச்சரிக்கை பொய்யாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் அவன் பார்த்தான். உண்மையாக இருந்துவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்று பார்க்கவில்லை. அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்றும் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது. ஐந்து மணி இருட்டில் நெடுஞ்சாலையில் போனது அப்பாவின் உயிர்.

கயிறும் பாம்பும்

சமய வகுப்பில் கயிற்றரவு உவமையைக் கேட்டிருப்போம். இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று நினைத்து ஒருவன் பயந்து நடுங்குகிறான். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால் அது கயிறு. இல்லாததை இருப்பதாகக் காணும் மயக்கத்துக்கு வேதாந்திகள் சொல்லும் உவமை இது.

எனக்கு இப்போது அதன் மறுபக்கமும் தோன்றுகிறது. மூன்று இரவு கயிற்றைப் பார்த்துப் பயந்தவன், நாலாம் இரவு "தெரியும், கயிறுதான்" என்று மிதித்துப் போகிறான். அன்றைக்குக் கிடப்பது பாம்பு. கயிற்றைப் பாம்பென்று நினைத்தவனுக்கு வேர்த்தது, அவ்வளவுதான். பாம்பைக் கயிறென்று நினைத்தவன் என்ன ஆவான்? இரண்டும் பிழைதான். இரண்டும் ஒரே எடையுள்ள பிழை இல்லை.

எச்சரிக்கும் எந்தக் கருவியும் இந்த இரண்டு பிழைகளுக்கு நடுவில்தான் வாழ்கிறது. இந்த விளக்கு வந்த கதையே அதுதான். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் டயர்கள் பிய்ந்து கார்கள் உருண்டதில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தது பெரிய விவகாரமானது. லட்சக்கணக்கான டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டே புதுச் சட்டம் வந்தது. ஸ்டிக்கரில் போட்ட அளவில் கால்பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று பிறகு விதி செய்தார்கள். 33 என்றால் சுமார் 25. ஏன் கால்பங்கு? கொஞ்சம் குறைந்ததற்கே எரிந்தால் ஓயாமல் எரியும், யாரும் மதிக்க மாட்டார்கள். பாதி குறைந்தபின் எரிந்தால் அதற்குள் டயர் போய்விடும். பொய்யே சொல்லாத விளக்கு வேண்டுமென்றால், உண்மையையும் சொல்லாத விளக்குதான் கிடைக்கும்.

ஆகவே அவ்வப்போது பொய்யாவது எச்சரிக்கையின் துரோகம் இல்லை. அது நமக்காக விழித்திருப்பதற்கு நாம் கொடுக்கும் கூலி.

அளவை

அப்படியென்றால் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் நடுங்க வேண்டுமா? அதுவும் இல்லை. "தோஷம் இருக்கு, பரிகாரம் செய்யலன்னா குடும்பத்துக்கு ஆகாது" என்று ஒருவர் மிரட்டினால், கடன் வாங்கியாவது பணம் கட்டும் குடும்பங்களை நமக்குத் தெரியும். அவர்களும் எச்சரிக்கையை மதித்தவர்கள்தான். ஆராயாமல் மதித்தார்கள். நான் ஆராயாமல் ஒதுக்கினேன். இருவருமே பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

நம் சித்தாந்தத்தில் இதற்கு ஓர் அழகான சொல் இருக்கிறது: அளவை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, நாம் ஒன்றை எப்படி அறிகிறோம் என்ற அளவைப் பகுதியை வைத்திருக்கிறார். அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றில் அடக்குகிறார். கண்ணால் காண்பது காட்சி. புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்பது உரை.

எங்கள் காரின் விளக்கு கருதல் வகை. சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது, ஆகவே காற்றுக் குறைவு. கருதலில் பிழை வரும் என்பது நம் தர்க்கக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். பனிமூட்டத்தைப் புகை என்று நினைத்தால் இல்லாத நெருப்பை ஊகிப்போம். அதற்கு மருந்து என்ன? மலையைப் பார்க்காமல் திரும்பிப் படுப்பதா? கிட்டப்போய்ப் பார்ப்பது. டயர் விஷயத்தில் அந்தக் காட்சி, இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் ஒரு காற்றழுத்தமானி. நான்கு டயருக்கும் ஐந்து நிமிடம். அளவை என்ற சொல்லுக்கு அளப்பது என்பதே முதற்பொருள். சித்தாந்தமும் டயரும் இந்த ஒரு சொல்லில் சந்திக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. எச்சரிக்கையை நம்ப நான் கடமைப்பட்டவன் இல்லை. போய்ப் பார்க்கக் கடமைப்பட்டவன். அந்தக் கடமை, முன்பு எத்தனை முறை பொய்யானது என்பதைப் பொறுத்துக் குறைவதில்லை.

போபால் சொல்லும் பாடம்

இது ஒரு வீட்டுக் காரோடு முடிகிற விஷயம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். பொறியியல் பாதுகாப்பு படிப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் போபாலுக்கு வந்து நிற்க வேண்டும். அங்கேயும் கதை ஓர் அழுத்தமானியில்தான் தொடங்குகிறது.

1984 டிசம்பர் 2, இரவு. யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட். இரவு பத்தரை வாக்கில் அழுத்தம் 2 பிஎஸ்ஐ. பதினோரு மணிக்கு 10. வேலையில் இருந்தவர்கள் பதறவில்லை. 10 என்பது வழக்கமான எல்லைக்குள்தான் இருந்தது. மேலும் அந்த ஆலையில் கருவிகள் தப்புத் தப்பாகக் காட்டுவது சாதாரணம். பதினொன்றரைக்குச் சிலருக்குக் கண் எரிந்தது. சின்னக் கசிவுகள் அங்கே வழக்கம் என்பதால் தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் அந்த ஆண்டின் நடுவிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின் விஷவாயு வெளியேறியது. ஊருக்கான சங்கு ஒலித்து, சில நிமிடங்களில் நிறுத்தப்பட்டது. சின்னக் கசிவுக்கெல்லாம் ஊரைப் பயமுறுத்த வேண்டாம் என்பதுதான் அங்கே நடைமுறை. விடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

அன்றிரவு வேலையில் இருந்தவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெட்டுப்போன கருவிகளோடு அவர்களை வேலை செய்ய வைத்தவர்கள் யார்? பொய் சொல்லும் மானியைப் பழுது பார்க்காமல் வருடக்கணக்கில் விட்டால், அது உண்மை சொல்லும் நாளில் அதைக் கேட்க ஆள் இருக்காது.

மனித எச்சரிக்கையும் அங்கே இருந்தது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற போபால் பத்திரிகையாளர் 1982 முதல் இந்த ஆலை ஊரை அழிக்கும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் அவர் பொய் சொன்னவர் மாதிரித்தான் தெரிந்திருப்பார். ஆனால் இன்னும் நடக்காதது வேறு, பொய் வேறு. என் காரில் ஆணி எத்தனை நாள் இருந்ததோ, அத்தனை நாளும் வெடிக்கவில்லைதானே?

எச்சரிப்பவரின் தர்மம்

கேட்பவனுக்கு மட்டும் கடமை சொன்னால் அநியாயம். எச்சரிப்பவருக்கும் தர்மம் உண்டு. நம் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் எத்தனை "அவசரம்! உடனே பகிரவும்!" வருகிறது? எந்த ஊர், எந்த வருடம் என்றே தெரியாத செய்தி. அனுப்புகிறவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார். ஆனால் ஒவ்வொரு பொய்ச் செய்தியும், நாளைக்கு வரப்போகும் உண்மையான எச்சரிக்கையின் மதிப்பிலிருந்து கொஞ்சம் திருடிக்கொள்கிறது. பார்க்காமல் பகிர்வதும் பார்க்காமல் பொத்தானை அழுத்துவதும் ஒரே சோம்பல்தான்.

இங்கே அந்த மஞ்சள் விளக்கிடம் நாம் கற்க ஒன்று இருக்கிறது. அமெரிக்க விதிப்படி, காற்று குறைந்தால் அது நிலையாக எரியும். அமைப்பிலேயே கோளாறு என்றால், முதலில் ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரியலாம். "டயர் சரியில்லை" என்பது ஒன்று. "எனக்கே உடம்பு சரியில்லை, என் பேச்சை நம்பாதே" என்பது இன்னொன்று. பெரியவர்களும் தலைவர்களும் நாமும் பேசும்போது இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் எத்தனை நன்றாக இருக்கும்! "எனக்கு உறுதியாகத் தெரியாது, ஆனால் பார்த்துவிடுங்கள்" என்று சொல்பவரின் பேச்சு நாளாக ஆக மதிப்புக் கூடும்.

நம் கூட்டங்களில்

இயக்கத்தில் இருக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஆள் எழுந்து கணக்குக் கேட்பார். "முகாமுக்கு வாங்கின ரசீது எங்கே?" "பிள்ளைகள் ஆற்றில் இறங்கும்போது யார் பார்த்துக்கொள்வது?" முதல் இரண்டு முறை தேடிப் பார்ப்போம், எல்லாம் சரியாக இருக்கும். மூன்றாம் முறை சிரிப்போம். நான்காம் முறை "அண்ணே, உட்காருங்க, அப்புறம் பேசலாம்" என்போம். அதுதான் பொத்தான். "இப்போது இருப்பதுதான் சரி" என்று நமக்கு நாமே சொல்லிக்கொடுத்துவிட்டோம். அடுத்த கூட்டத்தில் அவர் எழ மாட்டார். நாமும் நிம்மதி என்று நினைப்போம்.

வீட்டிலும் இப்படித்தான். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குடா" என்று பாட்டி சொல்வார். இரண்டு முறை கிளினிக்கில் வாயு என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பாட்டி சொல்வது எங்கள் காதில் விழுவதே இல்லை. நம் மனசாட்சியும் அப்படித்தான். தவறு செய்யும்போது ஒருமுறை குத்தும். "எல்லாரும் செய்றதுதானே" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்த அழுத்த, குறைந்த காற்றே வழக்கமான காற்று ஆகிவிடும். அப்புறம் உள்ளே விளக்கு எரியாது. எரியாததை நாம் சுத்தம் என்று எண்ணிக்கொள்வோம்.

அப்பாவிடம் சொன்னது

அந்தத் திங்கட்கிழமை "ஆமாப்பா" என்று சொன்னேனே, அது என்னை மூன்று வாரம் தூங்கவிடவில்லை. விளக்கு பொய் சொன்னபோது கோபப்பட்டவன், இப்போது அதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லியிருந்தேன். விளக்கின் பொய்யால் எனக்கு ஐந்து நிமிடம்தான் நஷ்டம். "பார்த்தேன்" என்ற என் பொய்யை நம்பி அப்பா நாளைக்கும் காரில் ஏறுவார்.

ஒரு சனிக்கிழமை மாலை, வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அப்பா, அன்னிக்கு நான் டயரைப் பார்க்கல. விளக்கு எரிஞ்சது. செட் அழுத்திட்டுப் போயிட்டேன்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தெரியும்டா. டயர் கடையில ஆணியை எடுத்துக் காட்டினாங்க. துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு. ரொம்ப நாளா இருந்திருக்கு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

இப்போது ஓட்டுநர் கதவுப் பையில் ஒரு காற்றழுத்தமானி இருக்கிறது. மாதம் இரண்டு முறை, டயர் சூடாவதற்கு முன், காலையில் அளக்கிறோம். சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் நெடுஞ்சாலை ஓடிவந்த உடனே அளப்பதில்லை. விளக்கு எரிந்தால் முதலில் மானி, அப்புறம் காற்று, கடைசியில்தான் பொத்தான். போன மாதம் மறுபடி எரிந்தது. இறங்கி, மழையில் குனிந்து, நான்கையும் அளந்தேன். 33, 33, 32, 33. பொய்தான்.

"என்னடா, மறுபடியும் பொய்யா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டார்.

"ஆமாம்மா, பார்த்துட்டேன்" என்றேன். பிறகு உள்ளே போய்ப் பாட்டியிடம், நெஞ்சு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.